வீட்டுக் கணக்கு

நமது சங்கத்தின் மாத இதழுக்கு ஏதேனும் எழுதித் தரும்படி காரியதரிசி அவர்கள் பலமுறை கேட்டுக் கொண்டார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்கு எடை போட்டு ரசீது கொடுக்கும் ஒரு குமாஸ்தாவுக்கு எழுத என்ன இருக்கிறது என்று இதுவரை தட்டிக் கழித்து வந்தேன். ஆயினும் நெடுநாளாக என் மனத்தை உறுத்திக் கொண்டிருக்கும் செய்தி ஒன்று உண்டு. அது நம் குழந்தைகளின் வீட்டுக் கணக்கைப் பற்றியது. என்னுடைய தவறு ஒன்றும் அதில் அடங்கியிருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொன்னால், இன்னொரு வீட்டில் அதே தவறு நேராமல் இருக்கக்கூடும் என்னும் எண்ணத்தால் இதை எழுதத் துணிந்தேன்.

கரக்பூரில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் முன்புறம் சிறிய தாழ்வாரம் ஒன்று உண்டு. மாலை ஏழு மணி ஆனதும் அங்கே பாய் விரிக்கப்படும். அக்கம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகள் ஐந்தாறு பேர் புத்தகமும் நோட்டுமாக வந்து உட்காருவார்கள். எனக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'கணக்கு மாமா'. இந்தப் பட்டத்தை எந்தச் சர்வகலாசாலையும் எனக்கு வழங்கவில்லை, காலம் வழங்கிற்று. 2020 மார்ச்சு மாதத்தில் நோய்ப் பரவலினால் பள்ளிகள் மூடப்பட்டு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் குழந்தைகள் வீட்டிலேயே அடைந்து கிடந்தது அன்பர்கள் அறிந்ததே. கைப்பேசியில் வரும் பாடம் சிலருக்கு எட்டியது; பலருக்கு எட்டவில்லை. அப்போது என் மகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். அடுத்த வீட்டுப் பையனும் வந்தான். பிறகு அவனுடைய தோழன் வந்தான். இவ்வாறு தாழ்வாரம் நிறைந்தது.

நான் கணக்குக் கற்ற விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். என் தந்தையார் இதே டிவிஷனில் கூட்ஸ் கார்டாக வேலை பார்த்தவர். சரக்கு வண்டியின் கடைசியிலுள்ள பிரேக்வானில், ஒரு பெட்டியும் கொடிகளும் விளக்குமே துணையாக, இரவென்றும் பகலென்றும் பாராமல் பிரயாணம் செய்தவர். கார்டு என்னும் அப்பதவிக்கு 2022 ஜனவரியில் ரயில்வே நிர்வாகம் 'டிரெயின் மானேஜர்' என்று புதுப்பெயர் இட்டுவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அவர் இன்றும் கார்டுதான். அவர் வீட்டில் தங்கும் சில மணி நேரத்தில் என் கணக்கு நோட்டைப் பார்ப்பார். ஆனால் ஒருநாளேனும் என் கையிலிருந்த பென்சிலை அவர் வாங்கியது கிடையாது. "கொடுத்தது என்ன? கேட்டது என்ன?" என்னும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்பார். பதில் வருகிறவரையில் வெற்றிலையை மடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். மற்றப் பிள்ளைகளின் தந்தையர் விடையைச் சொல்லிக் கொடுக்கிறார்களே, இவர் மட்டும் ஏன் இப்படிச் சோதிக்கிறார் என்று அழுததும் உண்டு.

நான் பத்தாம் வகுப்புத் தேறிய மறு ஆண்டு, அவர் பணியிலிருக்கும்போதே மாரடைப்பால் காலமானார். எனக்குப் பதினெட்டு வயது நிரம்பியதும் கருணை அடிப்படையில் இந்த உத்தியோகம் கிடைத்தது. தாயாரும் தங்கையும் இருந்தார்கள். மேலே படிப்பதைப் பற்றி நினைக்க இடமில்லை. அதனால்தானோ என்னவோ, குழந்தைகள் என்னிடம் கணக்குக் கேட்டு வந்தபோது எனக்கு உண்டான பெருமைக்கு அளவில்லை. அந்தப் பெருமைதான் பின்னால் தவறாக முடிந்தது.

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். அவன் பெயர் வேண்டாம். தம்பி என்றே குறிப்பிடுகிறேன். தகப்பனார் ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். எங்களைப் போலவே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். தம்பி அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் பெரும்பாலும் கைப்பேசியிலேயே கழிந்து போனவன். பள்ளியில் இந்தி வழிப் படிப்பு. நாள்தோறும் பத்துக் கணக்குகள் வீட்டுக்குக் கொடுப்பார்கள். மறுநாள் நோட்டைக் காட்டாவிட்டால் வகுப்பின் வெளியே நிற்க வேண்டும். ஆகவே இரவு எட்டரை மணிக்குக் கண்ணில் நீர் ததும்ப நோட்டை நீட்டுவான்.

நானோ பார்சல் ஆபீசில் நாள் முழுதும் உழைத்துக் களைத்து வந்தவன். அவனைப் பார்த்தால் இரக்கமாக இருக்கும். 'கொடு இப்படி' என்று நோட்டை வாங்கிக் கடகடவென்று போட்டுக் கொடுத்துவிடுவேன். ஒவ்வொரு வரியையும் வாயால் சொல்லிக்கொண்டேதான் போடுவேன். "புரிகிறதா?" என்பேன். "புரிகிறது மாமா" என்பான். பிறகு அவன் தன் கையெழுத்தில் அதைப் படியெடுத்துக் கொள்வான். நோட்டு முழுதும் சிவப்பு மையில் சரி சரி என்று குறி விழுந்தது. அவன் தகப்பனார் ஒருநாள் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். "அண்ணாச்சி, உங்களாலே பையன் முன்னுக்கு வந்துட்டான்" என்று கையைப் பிடித்துக் கொண்டார். அந்த இனிப்பை நான் கூச்சமின்றி வாங்கிக்கொண்டேன்.

அவ்வாண்டு பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அரையாண்டு விடைத்தாள்களைக் கொடுத்தார்கள். தம்பிக்குக் கணக்கில் 80-க்கு 9. விஞ்ஞானத்தில் 80-க்கு 14.

அன்றிரவு அவன் தகப்பனார் மீண்டும் வந்தார். கோபித்துக் கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வீட்டுக் கணக்கு நோட்டை ஒரு கையிலும் விடைத்தாளை மற்றொரு கையிலும் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் விளங்கலே. இதிலே எல்லாம் சரியா இருக்கு. அதிலே எல்லாம் தப்பா இருக்கு. ரெண்டும் ஒரே பையன் எழுதினதுதானே?" என்று கேட்டார். எட்டாவது வரை படித்த மனிதர். கபடமின்றிக் கேட்டார். நான் தலை குனிந்தேன். இரண்டையும் ஒரே பையன் எழுதவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் தம்பியைத் தனியே அழைத்துப் பேசினேன். "மாமா, கேள்வியில் என்ன கேட்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போடும்போது புரிகிற மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போனதும் ஒன்றும் இருக்காது. அதைச் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று சொல்லவில்லை" என்றான். பிள்ளை என் மனம் நோகக்கூடாதென்று ஆறு மாதம் புரிந்ததாக நடித்திருக்கிறான். நானும் அந்த நடிப்பை உண்மையென்று எடுத்துக்கொண்டேன்.

அவனுடைய விஞ்ஞான விடைத்தாளை அன்று வரி வரியாகப் பார்த்தோம். அப்போதுதான் என் கண் திறந்தது. ஒரு கேள்வி இது: 400 மீட்டர் வட்டப் பாதையில் ஒருவன் 80 வினாடியில் ஒரு சுற்று ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறான். அவனுடைய சராசரிச் 'சால்' என்ன, சராசரி 'வேக்' என்ன? தம்பி முதற் பகுதியை விட்டுவிட்டு, இரண்டாம் பகுதிக்கு 'வினாடிக்கு 5 மீட்டர்' என்று எழுதியிருந்தான். ஏன் என்று கேட்டேன். "வேக் என்றால் நம்முடைய வேகந்தானே மாமா? 400-ஐ 80-ஆல் வகுத்தால் 5. சால் என்றால் என்னவென்று தெரியவில்லை" என்றான்.

அன்பர்களே, இங்கேதான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். நாம் தமிழில் வேகம் என்று சொல்வதை இந்திப் பாடநூல் 'சால்' என்று சொல்கிறது. அந்நூல் 'வேக்' என்று சொல்வதோ, தமிழ்ப் பாடநூலில் 'திசைவேகம்' எனப்படுவது. வங்காளியிலும் 'பேக்' என்பது திசைவேகமே. ஓடியவன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டான். ஆகவே இடப்பெயர்ச்சி சுழி, திசைவேகத்தின் சராசரியும் சுழி. பையனுக்கு வகுத்தல் தெரியும். வீட்டில் பழகிய சொல் பள்ளிக்கூடத்தில் வேறு பொருளோடு வந்து அவனை ஏமாற்றிவிட்டது. 'சக்தி' என்னும் சொல்லும் இப்படித்தான். சூரிய சக்தி என்று நாம் சொல்வதை அவர்கள் 'சௌர் ஊர்ஜா' என்கிறார்கள். அவர்களுடைய பௌதிக நூலில் 'சக்தி' என்றால், நம் நூல்களில் 'திறன்' எனப்படும் வேறொன்று. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் குழந்தைக்கு, அறியாத சொல்லை விட அறிந்ததாகத் தோன்றும் சொல்லே அதிக ஆபத்தாகிறது.

அன்று முதல் தாழ்வாரத்தில் ஒரு சட்டம் செய்தேன். என் கை பென்சிலைத் தொடாது. எந்தக் கணக்கானாலும் முதலில் பள்ளி மொழியில் உரக்கப் படிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அதையே தமிழில், என் தாயாருக்குச் சொல்வது போலச் சொல்ல வேண்டும். "கொடுத்தது என்ன? கேட்டது என்ன?" என்று நான் கேட்பேன். தந்தையார் இறந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய இரண்டு கேள்விகளும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தன.

இடப்பெயர்ச்சியை விளக்க ஹௌராவை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். இங்கிருந்து ஹௌரா ஏறக்குறைய 115 கிலோமீட்டர். போகவும் வரவும் வண்டியில் 5 மணி நேரம் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். 230 கிலோமீட்டரை 5-ஆல் வகுத்தால் மணிக்கு 46 கிலோமீட்டர், அது வேகம். மாலையில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதால் சராசரித் திசைவேகம் சுழி. இதைக் கேட்டதும் ஒரு வாலு, "அப்படியானால் டிக்கெட்டு வாங்க வேண்டாமே மாமா!" என்றது. "ரயில்வேயில் தூரத்துக்குத்தான் கட்டணம், இடப்பெயர்ச்சிக்கு அல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வேறுபாட்டை அதன் பிறகு ஒருவரும் மறக்கவில்லை.

என் தாயார் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் அல்லர். ஆயினும் ஒருநாள் என்னை விட நல்ல ஆசிரியராக விளங்கினார். என் மகள் அரையும் காலும் கூட்டுகிற கணக்கில், மேலே உள்ளவற்றைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டி, 2/6 என்று எழுதியிருந்தாள். நான் பொதுப் பகுதி காணும் விதியைச் சொன்னேன். அவள் விதிப்படி போட்டாள். முகத்தில் தெளிவு இல்லை. உள்ளே அரிசி புடைத்துக் கொண்டிருந்த தாயார் அழைத்தார்.

"ஏட்டி, இங்கே வா. அரைப் படி அரிசியோடே கால் படி அரிசி போட்டா எவ்வளவு?"

"முக்கால் படி ஆச்சி."

"அப்புறம் இது என்ன ரெண்டு, ஆறு? ஆறிலே ரெண்டுன்னா மூணிலே ஒண்ணு. அரைப் படியிலே இன்னுங் கொஞ்சம் போட்டா, அது அரைப் படியை விடக் குறையுமா?"

பிறகு ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய உழக்கை எடுத்துக் காட்டினார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆகவே படிக்கு எட்டு ஆழாக்கு. அரைப் படி நான்கு ஆழாக்கு, கால் படி இரண்டு ஆழாக்கு. சேர்ந்தால் எட்டில் ஆறு, அதாவது முக்கால். இரண்டு அளவையும் ஒரே ஆழாக்கால் அளந்து பார்ப்பதற்குத்தான் பள்ளிக்கூடத்தில் பொதுப் பகுதி என்று பெயர். முக்கால் என்னும் சொல்லிலேயே மூன்று கால் என்னும் விடை அடங்கியிருக்கிறது. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகக் குறைத்துப் படித்ததோடு நிற்காமல், 320-இல் ஒரு பங்கான முந்திரி வரையில் பின்னங்களுக்குப் பெயரிட்டு மனப்பாடம் செய்தார்கள். படியும் உழக்கும் கடைத்தெருவை விட்டுப் போய்விட்டன. ஆயினும் அடுக்களையில் கிடக்கும் ஓர் உழக்கு, ஒரு குழந்தையின் மனத்தில் விளக்கேற்றியதைக் கண்ணாரக் கண்டேன்.

மற்றொரு நாள் ரயில் கணக்கு வந்தது. நம் குழந்தைகளுக்கு இதுவாவது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். நம் கரக்பூர் பிளாட்பாரத்தின் நீளம் 1,072.5 மீட்டர். 2013-இல் கோரக்பூரில் 1,366 மீட்டரும், 2023-இல் ஹூப்ளியில் 1,507 மீட்டரும் நீளமுள்ள பிளாட்பாரங்கள் வந்து நம்மை முந்திவிட்டன. இருந்தாலும் நம் ஊர்ப் பெருமையை விட்டுக் கொடுக்கலாமா? ஆகவே கணக்கை இப்படி மாற்றினேன். எஞ்சினோடு 600 மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டி, மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் நம் பிளாட்பாரத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? 54-ஐ 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் வினாடிக்கு 15 மீட்டர். இதுவரையில் எல்லோரும் சரியாகவே செய்தார்கள். பிறகு 1,072.5-ஐ 15-ஆல் வகுத்து, 71.5 வினாடி என்று ஒருமுகமாகச் சொன்னார்கள்.

நான் விடையைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பக்கத்துச் சிறு நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். விரைவு வண்டி ஒன்று நிற்காமல் போயிற்று. எஞ்சின் பிளாட்பாரத்தின் கோடியைத் தாண்டியதும் குழந்தைகள் "கடந்துவிட்டது!" என்று கூவினார்கள். நிலையத்து ஊழியரோ கையில் பச்சைக் கொடியுடன் இன்னும் வண்டியையே பார்த்துக் கொண்டிருந்தார். கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் மஞ்சள் நிறத்தில் பெரிய பெருக்கற்குறி போல ஓர் அடையாளம் உண்டு; 'கடைசி வண்டி' என்பதைக் காட்டும் பலகையும் உண்டு. அவற்றைக் கண்ட பிறகே, வண்டி நடுவில் பிரிந்து போகாமல் முழுதாக வந்திருக்கிறது என்று நிலையத்தார் உறுதி கொள்வார்கள். "உங்கள் தாத்தா அந்தக் கடைசியில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் இன்னும் பிளாட்பாரத்துக்குள் இருக்கும்போது, வண்டி கடந்துவிட்டதாக எப்படிச் சொல்வது?" என்று என் மகளிடம் கேட்டேன். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அப்படியானால் வண்டியின் நீளத்தையும் கூட்ட வேண்டும் அப்பா" என்றாள். 1,672.5-ஐ 15-ஆல் வகுத்தால் 111.5 வினாடி. முதல் விடைக்கும் இதற்கும் உள்ள 40 வினாடி, கடைசிப் பெட்டியில் இருப்பவருக்கு உரியது.

இதையெல்லாம் படிக்கும் அன்பர்கள், எனக்கு எல்லாம் தெரியும் போலும் என்று எண்ணிவிட வேண்டாம். சென்ற ஆண்டு பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். வகை நுண்கணிதம் என்று புத்தகத்தை விரித்தாள். நான் அந்த வகுப்பை எட்டிப் பார்த்ததே இல்லை. பழைய நானாக இருந்தால், 'இன்று ஆபீசு வேலை இருக்கிறது அம்மா' என்று நழுவியிருப்பேன். தம்பியின் விடைத்தாள் நினைவுக்கு வந்தது. "அம்மா, எனக்கு இது தெரியாது. நான் பத்தாவதோடு நின்றவன். நீ எனக்குச் சொல்லிக் கொடு, புரியாத இடத்தில் நான் கேட்கிறேன்" என்றேன்.

அவள் முதலில் தயங்கினாள். பிறகு முதற்பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டு கோவைகளின் பெருக்கலுக்கு வகைக்கெழு காண வேண்டிய இடத்தில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கண்டு, இரண்டையும் பெருக்கியிருந்தாள். அது தவறென்று எனக்குத் தெரியாது. ஆனால் பார்சல் ஆபீசில் புதிய கட்டண விதி வந்தால், முதலில் ஒரு சிறு மூட்டைக்குப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். "இந்த விதியை ஒரு சின்னக் கணக்கில் போட்டுப் பார்க்கலாமா?" என்றேன். எக்ஸை எக்ஸால் பெருக்கினால் எக்ஸ் வர்க்கம். அதன் வகைக்கெழு 2 எக்ஸ் என்று புத்தகத்தில் இருக்கிறது. அவளுடைய விதிப்படி போட்டாலோ ஒன்றை ஒன்றால் பெருக்கி ஒன்றுதான் வருகிறது. அவளே, "ஐயோ, தப்பு மாமா!" என்று பக்கத்தைப் புரட்டிச் சரியான விதியைக் கண்டுகொண்டாள். தெரியாது என்று ஒப்புக்கொண்ட அன்று நான் செய்த உதவி, தெரிந்தவனாகச் செய்த பல உதவிகளை விடப் பெரிது.

இக்காலத்தில் கணக்கைக் கைப்பேசியால் படம் பிடித்தால், விடையும் வழியும் நொடியில் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுகிறார்களே என்று பெற்றோர் பலர் வருந்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கைப்பேசி செய்வதையே நானும் தம்பிக்கு ஆறு மாதம் செய்தேன். விடையைப் பார்ப்பதே பாவம் என்றும் நான் சொல்ல மாட்டேன். கணித மேதை ராமானுஜன் இளமையில் விரும்பிப் படித்த கார் என்பவரின் நூலில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தன. அவற்றுக்கான நிரூபணங்கள் மிகக் குறைவு. முடிவு கண்ணெதிரே இருந்தும், அதை அடையும் வழியை அவர் தாமே தேடினார். காகிதம் வாங்க வசதி போதாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடியும் எழுதினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவரும் ஒரு குமாஸ்தாவாகவே இருந்தார் என்பதை நினைக்கும்போது, எங்கள் இனத்தாருக்குச் சிறிது பெருமை உண்டாகிறது. நம் பிள்ளைகள் எல்லோரும் ராமானுஜன் ஆக வேண்டியதில்லை. விடையைப் பார்த்த பிறகாவது, நோட்டை மூடிவிட்டு, அவ்வழியை ஒருமுறை தாமே நடந்து பார்த்தால் போதும்.

தம்பியின் கதையை முடிக்க வேண்டும். எஞ்சியிருந்த ஒன்றரை ஆண்டில் அவன் ஆறாம் வகுப்புப் பின்னத்திலிருந்து மறுபடி தொடங்கினான். 2024-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்வில் கணக்கில் 80-க்கு 38 வாங்கித் தேறினான். பதினோராம் வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு எடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த மதிப்பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை. நான் வீணாக்கிய ஆறு மாதம் இருந்திருந்தால் கிடைத்திருக்குமோ என்னும் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. அவன் என்னைக் குறை கூறியதில்லை. ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பயிற்சியில் சேர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் வருகிறான். ஒருநாள் சிறு குழந்தைகளுக்கு மின்சாரப் பில்லைக் காட்டி, திறன் வேறு ஆற்றல் வேறு என்பதை விளக்கிக் கொண்டிருந்தான். "1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். வாட் என்பது திறன்; இந்தியில் சக்தி. யூனிட் என்பது ஆற்றல், இந்தியில் ஊர்ஜா. அப்படியானால் 9 வாட் பல்பு எத்தனை மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் ஆகும்?" என்று கேட்டான். குழந்தைகள் விழித்தார்கள். விடையைச் சொல்லிவிடுவானோ என்று வாசற்படியில் நின்று பார்த்தேன். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "கொடுத்தது என்ன?" என்றான். 111 மணி நேரம் என்னும் விடை வருவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவன் காத்திருந்தான்.

சங்கத்து அன்பர்களுக்கு என் வேண்டுகோள் சில உண்டு. பிள்ளையின் பாடம் நமக்குத் தெரியவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். கேள்வியைத் தமிழில் சொல்லும்படி பிள்ளையைக் கேளுங்கள். சொல்ல முடிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. முடியாவிட்டால் தடை எங்கே என்பது தெரிந்தது. பள்ளிச் சொல், தமிழ்ச் சொல், பொருள் என்று மூன்று பத்தியிட்டு ஒரு சிறு நோட்டுப் போட்டுக் கொடுங்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்களையும் அருகில் உட்கார வையுங்கள். நம் சங்கக் கட்டிடம் ஞாயிறு காலையில் பூட்டியே கிடக்கிறது. காரியதரிசி அவர்கள் மனம் வைத்து அதை இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால், பாய் விரிக்க நான் வருகிறேன். நம் ஊரில் கல்லூரி படிக்கும் தமிழ் இளைஞர்கள், எனக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுக்க வரலாம். பென்சில் மட்டும் பிள்ளைகள் கையிலேயே இருக்கட்டும்.